விரைவுக் குறியீடும் ஆவண முகவரியின் நிலைபேறும்

ஸ்டுட்கார்ட் நகரில் 1814ஆம் ஆண்டு பிறந்த ஹெர்மன் குண்டர்ட், 1836இல் சென்னை வந்து, தமிழ் கற்றுத் திருநெல்வேலியிலும் சித்தூரிலும் பணியாற்றிய பின்னரே மேலைக் கடற்கரைக்குச் சென்றார். 1872இல் வெளிவந்த மலையாள அகராதியால் புகழ்பெற்ற அவர் திரட்டிய சுவடிகளும் நூல்களும் ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கிலுள்ள டியூபிங்கன் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தன. அவற்றின் மின்படிமங்களை யாவரும் காண்பதற்கான இணையவாசல் 2018இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கு வெளிவந்த புதிய பாடநூல்களில், திக்‌ஷா தளத்தின் பாடப்பொருள்களைத் திறக்கும் விரைவுக் குறியீடுகள் அச்சேறின. மேகக் கணினியில் வைக்கப்பட்ட ஆவணத்தைத் தாளிலுள்ள ஒரு சதுரம் எத்தனை காலம் காட்டித்தரும் என்பதே இவ்விரு முயற்சிகளையும் ஒருங்கே நோக்கும்போது எழும் வினா.

க்யூ.ஆர். கோடு எனப்படும் இக்குறியீடு 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் முயற்சியால் உருவானது. மோட்டார் வாகன உதிரிபாகங்களை விரைந்து இனங்காண்பதே அதன் முதல் நோக்கம். காப்புரிமையை நிறுவனம் வலியுறுத்தாமையால் அது உலகெங்கும் பரவியது. 2000இல் பன்னாட்டுத் தரமும் பெற்றது.

மிகப் பெரிய சதுரமும் 2,953 பைட்டுகளையே கொள்ளும். யூனிகோடின் யுடிஎப்-8 முறையில் ‘க’ 3 பைட்டுகளையும் ‘கு’ 6 பைட்டுகளையும் பெறுவதால், அதில் ஆயிரம் தமிழ் எழுத்துகளும் அடங்கா. எனவே ஒரு சுவடியை அது தாங்குவதில்லை. சுவடிப்படிமம் இருக்கும் முகவரியையே தாங்குகிறது. உயர்ந்த பிழைதிருத்த நிலையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தாலும் குறியீட்டைப் படிக்கலாம். ஆனால் கோப்பு இடம்மாறி முகவரி கைவிடப்பட்டால், சிதையாத குறியீடும் பயனற்றதாகும்.

இதற்கு விடை பாடநூல்களிலேயே உள்ளது. சதுரத்தின் அருகே அச்சான ஆறு குறிகள் கோப்பைச் சுட்டுவதில்லை, பாடப்பகுதியைச் சுட்டுகின்றன. அப்பகுதிக்குரிய கோப்பு எதுவென்பதைத் தளம் தீர்மானிக்கிறது. ஆகவே கோப்பு மாறினும் அச்சை மாற்ற வேண்டுவதில்லை. நூலகத்தில் அலமாரி மாறினும் நூலின் அழைப்பெண் மாறாதது போன்றதே இது.

கல்வெட்டில் எழுத்தும் அதைத் தாங்கும் கல்லும் ஒன்றாயிருந்தன. இன்று எழுத்து ஓரிடத்தும் அதன் அடையாளம் வேறிடத்தும் உள்ளன. இரண்டையும் இணைப்பது ஒரு நிறுவனத்தின் இடையறாப் பராமரிப்பே. ஆதலின் தமிழ்ச் சுவடிகளுக்குக் குறியீடு பொறிப்போர் வணிகச் சேமிப்பகத்தின் நேர்முகவரியைத் தவிர்த்து, நூலகம் பொறுப்பேற்கும் நிலையான அடையாள எண்ணைப் பொறித்தல் வேண்டும். கண்ணால் படிக்கத்தக்க வடிவிலும் அவ்வெண்ணை அருகில் அச்சிடுதல் வேண்டும்.