இறங்கா விதை

ஆண் குழந்தையின் விதைகளில் ஒன்றோ இரண்டுமோ விதைப்பைக்கு வந்து சேராமல் வயிற்றிலோ கவட்டையிலோ நின்றுவிடும் பிறவிக் குறை. மருத்துவர்கள் இதைக் 'கிரிப்டார்க்கிடிசம்' என்பார்கள். மறைந்த விதை என்று பொருள்தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த பெயர். நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 4 பேருக்கு இது இருக்கும். குறைமாதக் குழந்தைகளில் 30 பேர் வரைகூட. பல விதைகள் முதல் சில மாதங்களில் தாமே இறங்கிவிடும். ஒரு வயதில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கே குறை எஞ்சும்.

கருவில் விதை உருவாவது சிறுநீரகத்தை ஒட்டி. யானைக்கு அது கடைசிவரை அங்கேயே இருந்துவிடுகிறது. மனிதனுக்கோ உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ந்த இடம் வேண்டும், இல்லையென்றால் விந்தணு விளையாது. விதை கீழே வரும் வழியை 1762இல் விளக்கியவர் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர். விதையைப் பையோடு இணைக்கும் நாருக்கு அவர் இட்ட 'குபர்னாக்குலம்' என்ற பெயருக்கு லத்தீனில் சுக்கான் என்று பொருள். இறங்காததற்குக் காரணம் விதையிலேயே உள்ள குறையாக இருக்கலாம் என்றும் அவர் ஐயுற்றார். விதையை இறக்கும் ஹார்மோன்கள் பற்றி எவரும் அறியாத காலத்தில் அப்படி எண்ணியது வியப்புக்குரியது.

விதையைப் பையில் இறக்கிப் பொருத்தும் அறுவையை 1877இல் எடின்பரோவில் தாமஸ் அனன்டேல் வெற்றிகரமாகச் செய்தார். சிகாகோவின் ஆர்தர் பெவன் 1899இல் வெளியிட்ட முறை பின்னாளில் பரவியது. வயிற்றின் உயரத்தில் நின்ற விதைகளுக்கு இரத்தக் குழாயின் நீளம் போதாது. முதன்மைக் குழாயை வெட்டியே இறக்கலாம் என்று 1959இல் ஃபவுலர், ஸ்டீபன்ஸ் என்ற அறுவை மருத்துவர்கள் காட்டினர். சிறு துளைவழி வயிற்றுக்குள் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி 1976இல் இதற்கும் பயன்படத் தொடங்கியபின், கைக்குத் தட்டுப்படாத விதையைத் தேடுவது எளிதாயிற்று.

வயிற்றுக்குள் தங்கிய விதை பல்லாண்டு சத்தமின்றி இருக்கும். அரிதாகவே ஆபத்தாகும்; ஆனால் அப்போது நோயைக் கண்டுபிடிப்பது கடினம். விதை தன் தண்டின்மேல் முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்று அடிவயிற்றில் கடும் வலியும் வாந்தியும் வரும். வலப்பக்கமானால் குடல்வால் அழற்சி என்றே தோன்றும். வளர்ந்த ஆணுக்கு இப்படி முறுக்கும்போது, விதையில் பெரும்பாலும் புற்றுக்கட்டி இருக்கும்; கட்டியின் கனமே முறுக்குக்கு வழிசெய்கிறது. செமினோமா என்ற வகையே இவற்றில் மிகுதி. கட்டி வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கசிந்ததும், அதன் தண்டைச் சுற்றிக் குடல் அடைபட்டதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. இவற்றில் பலவற்றுக்குத் துப்பு வயிற்றில் இல்லை, வெறுமையான விதைப்பையில் இருக்கிறது. வெட்கம் கருதி அதைப் பார்க்காமல் விடுவது பெரும் பிழை.

சுவீடனில் இந்தக் குறைக்கு அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ 17,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2007இல் வெளியான ஆய்வின்படி, 13 வயதுக்குமுன் அறுவை செய்துகொண்டவர்களுக்கு விதைப் புற்று வாய்ப்பு மற்ற ஆண்களைவிட இருமடங்கு. பிறகு செய்துகொண்டவர்களுக்கு ஐந்து மடங்கு. பருவம் வரட்டும் என்று காத்திருந்த பழைய வழக்கம் இன்று கைவிடப்பட்டு, 6 முதல் 18 மாதத்துக்குள் அறுவையை முடிக்கச் சொல்கிறார்கள்.

குழந்தைக்கு ஆறு மாதமாகியும் விதை பையில் தட்டுப்படவில்லை என்றால், 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று இருந்துவிடாமல் குழந்தை அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.