கொடுவா ஏறிவந்த வழி

 

போன கிழமை எட்டாம் வகுப்பில் வாவியைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த ஒரு பொடியன் எழும்பிக் கேட்டான்: "சேர், கொடுவா கடல் மீனா, ஆத்து மீனா?" உடனே பதில் சொல்லாமல் நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சொல்லப்போனால் எங்கள் ஆத்துவாயின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர் ஆட்கள் வாவி, களப்பு என்பார்கள். நமக்கு அது ஆறு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். மேற்கே இருந்து முந்தனை ஆறு, மகிழவட்டவான் ஆறு, நவகிரி ஆறு என்று நல்ல தண்ணி வந்து விழுகிறது. கடலோடு தொடுகிற வாய் இரண்டே இரண்டு: வடக்கே பாலமீன்மடு, தெற்கே கல்லாறு. வெயில் காலத்தில் கடல் மண்ணைத் தள்ளி வாயை அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் உடைக்கும், அல்லது மனிசன் வெட்டிவிடுவான். கொடுவாவின் வாழ்க்கை முழுவதும் இந்த வாயில்தான் இருக்கிறது.

எங்கள் வாப்பாவுக்குப் போரதீவுப் பற்றில், பழுகாமத்துக்குக் கிட்ட, கொஞ்சம் வயல் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் லீவு நாட்களில் என்னையும் கூட்டிப்போவார். பட்டிருப்புப் பாலம் கடந்தால் படுவான்கரை. அங்கே எங்கள் வயலைச் செய்த அண்ணர் ஒருவர், பொழுதுபட்டதும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு வயல் தண்ணி ஆத்துக்குள் வடிகிற வாய்க்கால் முனைக்குப் போவார். உயிர் மீனைத்தான் இரையாகக் கோர்ப்பார். "தம்பி, வடிச்சல் தண்ணியோட சின்ன மீன் இறங்கும். அதுக்குக் காவல் நிக்கிறவர்தான் இவர்" என்பார். டோர்ச் வெளிச்சம் பட்டால் கொடுவாவின் கண் நெருப்புத்தணல் மாதிரி மின்னும். முதல்தரம் பார்த்த அன்று நான் வாப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டேன். பிடிபட்டதில் பாதி எங்களுக்கு. உம்மா அதைப் புளியாணம் வைத்தால் சட்டியில் முள்ளுத்தான் மிஞ்சும்.

விரால் அப்படியல்ல. அது குளத்திலும் வயலிலும் பிறந்து அங்கேயே சாகும். கொடுவா முட்டையிடுவது ஆத்துவாயை ஒட்டிய உப்புத் தண்ணியில். குஞ்சுகள் மழைக்காலத்தை ஒட்டி உள்ளே ஏறி, கண்டல் வேர்களுக்குள்ளும் தாழ்ந்த வெள்ள நிலங்களிலும் ஒதுங்கி, நல்ல தண்ணி வரைக்கும் போய் வளரும். பருவம் வந்ததும் திரும்ப வாய்க்கு இறங்கும். இன்னொரு விசித்திரமும் உண்டு. அநேகமாக எல்லாமே முதலில் ஆணாகத்தான் முதிரும். சில வருஷம் கழித்துப் பெரிதான பிறகே பெண்ணாக மாறும். பப்புவா நியூ கினியில் ஆய்வு செய்த மூர் என்பவர் 1979இல் இதை எழுதினார். ஆகவே சந்தையில் "பெரிய சாமான்" என்று நாம் ஆசையாகத் தூக்குகிற கொடுவா பெரும்பாலும் தாய்மீன். பெரியதையெல்லாம் பிடித்து முடித்தால் முட்டையிட ஆளில்லை.

பொடியனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: கடலும் ஆறும் இரண்டும் வேணும், நடுவில் வாயும் திறந்திருக்க வேணும்.

அந்த வாய்க்குத்தான் எப்போதும் வழக்கு. மாரியில் ஆறு பெருகினால் படுவான்கரை வயல்கள் தாழும். விவசாயி வாயை வெட்டச் சொல்வான். வெட்டினால் தண்ணியோடு மீனும் றாலும் கடலுக்குப் போய்விடும் என்று மீனவன் மறிப்பான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. 1957 டிசம்பர் வெள்ளத்தையும் 2011 ஜனவரி வெள்ளத்தையும் கண்டவர்கள் வெட்டாதே என்று சொல்லமாட்டார்கள். முந்தி மண்வெட்டியால் ஒரு கீறு வெட்டிவிட்டால் மிச்சத்தை ஆறே பார்த்துக்கொள்ளும். இப்போது கச்சேரியில் கூட்டம், பிறகு பெக்கோ. அந்தக் கூட்டத்தில் நெல்லின் கணக்குப் பேசப்படும், றாலின் கணக்குப் பேசப்படும். கொடுவாக் குஞ்சு எப்போது உள்ளே ஏறுகிறது என்ற கணக்கையும் அந்த மேசையில் வைக்க வேணும் என்பது என் எண்ணம்.

எழுதிவைக்காதது எங்கள் பெரிய குறை. 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட், இரவில் தோணியில் போய் வாவியின் 'பாடும் மீன்' ஓசையைக் கேட்டு 1859இல் புத்தகத்தில் எழுதினார். உலகம் அதை அறிந்தது. அவரைக் கூட்டிப்போன மீனவர்களுக்கு எந்தக் காற்றுக்கு எந்த மீன் ஏறும் என்பதும் தெரிந்திருக்கும். அதை ஆர் கேட்டார்கள்?

பிறகு தொண்ணூறாம் ஆண்டு. விபரம் எழுதத் தேவையில்லை, இரண்டு கரைக்கும் தெரியும். எங்கள் வயல் காடாகியது. ஆத்தில் இரவில் இறங்க ஏலாத காலமாகியது. அந்த அண்ணரை அதற்குப் பிறகு நான் காணவில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு ஒருநாள் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கத்தால் போய்ப் பழுகாமம் வரைக்கும் போனேன். வாய்க்கால் முனை இருந்தது. கரையில் இருந்த கண்டலைக் காணவில்லை. தண்ணியில் தங்கூசி வலை ஒன்று கிழிந்து கிடந்தது. அங்கே நின்ற ஒரு வயசாளி, "கொடுவாவா? எப்பயாவது ஒண்டு ரெண்டு" என்றார். பிறகு நான் ஆருடைய மகன் என்று விசாரித்து, வாப்பாவின் பெயரைச் சொன்னதும் தேத்தண்ணி குடிக்காமல் போகக்கூடாது என்று வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

என் வகுப்புப் பிள்ளைகள் இப்போது ஒரு கொப்பி போட்டிருக்கிறார்கள். பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் வாய் எந்த வருஷம், எந்த மாசம் உடைந்தது அல்லது வெட்டப்பட்டது, அந்த வருஷம் மீன் எப்படி என்று எழுதுகிறார்கள். 1978 சூறாவளி வருஷத்துப் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. உங்கள் வீட்டு மூத்தாப்பா, மூத்தம்மா, அம்மப்பா, அம்மம்மா ஆரிடமாவது கேட்டுக் கீழே எழுதுங்கள். படுவான்கரை உறவுகள் கட்டாயம் எழுத வேணும். பழைய தூண்டில், கரப்பு, வீச்சுவலைப் படம் இருந்தாலும் போடுங்கள்.