பருவம் பார்த்து கவிதைக் குறிப்பேடு எழுதுவது எப்படி? குப்பனூர் மலைப்பாதை சொல்லும் பாடம்

சேலத்திலிருந்து ஏற்காடு போக இன்னொரு வழி குப்பனூர் பாதை. சித்திரை மாதம் குப்பனூர் அடிவாரத்தில் அனல் அடிக்கும். அதே நாளில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் சாயங்காலம் ஸ்வெட்டர் தேடுவார்கள். ஒரே நாள், ஒரே மலை. அப்போ குறிப்பேட்டில் எந்தப் பருவம் என்று எழுதுவது?

தமிழில் எத்தனை பருவம்?

ஆறு. கார் (ஆவணி, புரட்டாசி), கூதிர் (ஐப்பசி, கார்த்திகை), முன்பனி (மார்கழி, தை), பின்பனி (மாசி, பங்குனி), இளவேனில் (சித்திரை, வைகாசி), முதுவேனில் (ஆனி, ஆடி). இவற்றைப் பெரும்பொழுது என்கிறது தமிழ் இலக்கணம். தொல்காப்பியத்தில் நிலமும் பொழுதும்தான் முதற்பொருள். பூ, பறவை, மரம், தொழில் எல்லாம் அதற்குப் பிறகு வரும் கருப்பொருள். மனசில் இருப்பது உரிப்பொருள். மலைநிலமான குறிஞ்சிக்கு உரிய காலம் கூதிரும் முன்பனியும், முல்லைக்கு கார்.

மலையில் எதைக் கவனிக்கலாம்?

ஏற்காட்டில் பருவம் காட்டும் நல்ல கடிகாரம் காப்பிச் செடி. பங்குனி, சித்திரையில் கோடை மழை பெய்து ஒரு வாரம், பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை மாதிரி மணக்கும். சில நாட்களில் எல்லாம் உதிர்ந்துவிடும். கூதிரில் பழம் சிவக்கத் தொடங்கும்; முன்பனியில் பறிப்பு நடக்கும். கோடை மழை தப்பினால் பூ குறையும், மகசூலும் அடிவாங்கும். அதனால் "இன்னைக்கு பூத்துடுச்சு" என்ற ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் வருமானமும் அடங்கியிருக்கிறது.

தேதி ஏன் முக்கியம்?

ஜப்பானின் கியோட்டோவில் அரசவையினரும் துறவிகளும் 9-ம் நூற்றாண்டு முதல் எழுதிவைத்த நாட்குறிப்புகளிலும் கவிதைகளிலும் செர்ரி பூத்த செய்தி இருக்கிறது. ஆய்வாளர் யசுயுகி அவோனோ அந்தத் தேதிகளைத் தொகுத்தார். 2021-ல் மார்ச் 26 அன்றே பூ உச்சத்தை எட்டியது. அதுவரையிலான சுமார் 1,200 ஆண்டுப் பதிவில் அதுதான் மிகவும் முந்தியது. பூமி சூடாவதற்கு அது ஒரு சாட்சி ஆனது. எழுதியவர்கள் யாரும் அறிவியலுக்காக எழுதவில்லை. பூவைப் பார்த்தார்கள், தேதி போட்டார்கள், அவ்வளவுதான்.

எப்படித் தொடங்குவது?

* பக்கத்தின் மேலே தேதி, தமிழ் மாதம், இடம். அடிவாரமா, மலை உச்சியா என்பதும் அவசியம்.
* அன்று கண்ணால் பார்த்த ஒன்று: முதல் பூ, மஞ்சு இறங்கிய நேரம், வற்றிய ஓடை.
* அதற்குக் கீழே கவிதை. நான்கு வரி போதும்.
* பார்க்காததை எழுத வேண்டாம். ஊரில் இல்லாத "வசந்தம்", "இலையுதிர் காலம்" எல்லாம் இரவல்.
* ஒரே மரத்தை ஆண்டு முழுக்கக் கவனிக்கலாம்.
* மழை பெய்யாத நாளையும் எழுதலாம். வராத மழையும் பருவத்தின் செய்திதான்.

முதல் ஆண்டில் இது வெறும் கவிதை நோட்டு. பத்தாவது ஆண்டில், "முன்னெல்லாம் இப்படி இல்லையே" என்று யாராவது சொன்னால், முன்னெல்லாம் எப்படி இருந்தது என்று புரட்டிக் காட்ட அந்த நோட்டு கையில் இருக்கும்.