2300 இராப்பகல்: மில்லரின் கணக்கும் அதைப் படித்தவர்களும்

வேதாகமத்தின் தீர்க்கதரிசன நூல்களைக் கொண்டு உலக முடிவின் காலத்தைக் கணிக்கும் வழக்கம் கிறிஸ்தவத்தில் மிகப் பழமையானது. எனினும் அக்கணிப்பு ஊர்ப்பொதுவில் பேசப்படும் விவகாரமாகிப் பல்லாயிரம் குடும்பங்களை ஒரு தேதிக்காகக் காத்திருக்கச் செய்தது 1840களில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில்தான். நியூயார்க் மாநிலத்தின் லோ ஹாம்ப்டனில் உழவுத் தொழில் செய்துவந்தவரும் 1812ஆம் ஆண்டுப் போரில் கேப்டன் பதவி வகித்தவருமான வில்லியம் மில்லர், உலகைப் படைத்தபின் கடவுள் அதில் தலையிடுவதில்லை என்னும் கொள்கையில் சிலகாலம் இருந்து, பின்னர் பாப்டிஸ்ட் சபைக்குத் திரும்பியவர். உரைநூல்களை ஒதுக்கிவிட்டு, வேதாகமத்தையும் அதன் சொற்கள் வரும் இடங்களைக் காட்டும் சொல்லடைவு ஒன்றையும் மட்டும் துணைக்கொண்டு அவர் பல ஆண்டுகள் படித்தார்.

அவருடைய கணக்கின் அச்சாணி தானியேல் 8:14. 2300 இராப்பகல் சென்றபின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்பது அவ்வசனத்தின் கருத்து. தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் ஓர் ஆண்டைக் குறிக்கும் என்ற விதியை மில்லர் இதற்குப் பொருத்தினார். எண்ணாகமத்தையும் எசேக்கியேலையும் சான்றுகாட்டி புராட்டஸ்டன்ட் உரையாசிரியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டதும், ஐசக் நியூட்டனே ஏற்றிருந்ததுமான அவ்விதி அவருடைய கற்பனையன்று. எருசலேமைப் பற்றி அர்தசஷ்டா மன்னன் கட்டளையிட்ட கிமு 457இலிருந்து எண்ண, 2300 ஆண்டுகள் 1843இல் முடிந்தன. பரிசுத்த ஸ்தலம் என்பது இப்பூமி என்றும், சுத்திகரிப்பு என்பது கிறிஸ்துவின் இரண்டாம் வருகையில் அது அக்கினியால் தூய்மையாவது என்றும் அவர் பொருள்கொண்டார்.

எதிர்த்தவர்கள் அனைவரும் ஒரே இடத்தில் நின்று எதிர்க்கவில்லை. ஆண்டோவர் இறையியல் கல்லூரிப் பேராசிரியர் மோசஸ் ஸ்டூவர்ட், நாள் என்றால் நாளே என்றும், அவ்வசனம் கிமு 2ஆம் நூற்றாண்டில் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய அந்தியோகஸ் எப்பிபானஸ் காலத்தோடு நிறைவேறிவிட்டது என்றும் வாதிட்டார். மாலையையும் காலையையும் தனித்தனியே எண்ணி, 2300 என்பதை 1150 நாளாகப் பாதியாக்கியவர்களும் உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் எபிரேயப் பேராசிரியர் ஜார்ஜ் புஷ் கூறியதோ வேறு: மில்லரின் காலக்கணக்கு பெரும்பாலும் சரியே, அவர் தவறியது நிகழப்போவது எது என்பதில், வரவிருப்பது உலகின் அழிவன்று, ஒழுக்கத்தில் அதன் புதுப்பிறப்பு. மில்லரைப் பித்தர் என்று ஒதுக்கியவர்கள், கற்றறிந்த ஓர் எதிராளியே கணக்கின் பாதியை ஒப்புக்கொண்டதைக் கவனிக்கத் தவறினர்.

1843 என்பதை யூத ஆண்டாக எண்ணியதால், குறித்த காலம் 1844 மார்ச்சில் கடந்துபோயிற்று. கிமு 1க்கும் கிபி 1க்கும் இடையே சுழி ஆண்டு இல்லையாதலால் முடிவு 1844க்குத் தள்ளிப்போகும் என்ற திருத்தம் முன்னுக்கு வந்தது. யூதரின் ஏழாம் மாதம் பத்தாம் நாளாகிய பாவநிவிர்த்தி நாளே வருகையின் நாள் என்ற, மில்லரைப் பின்பற்றிய சாமுவேல் ஸ்னோ, ரபீக்களின் மரபை ஏற்காத கராயித் யூதர்களின் நாட்காட்டிப்படி அதனை அக்டோபர் 22 என வரையறுத்தார். மில்லர் கடைசி வாரங்களில்தான் இதற்கு இசைந்தார். விளைந்ததை அறுக்காமல் வயலிலேயே விட்டவர்கள் இருந்தனர். வெள்ளை அங்கி அணிந்து கூரைமேல் ஏறி நின்றார்கள் என்ற புகழ்பெற்ற கதைக்கு மட்டும் நம்பத்தக்க சான்றில்லை. ஏளனத்திற்கு உடையும் தேவைப்பட்டது போலும்.

பெரும் ஏமாற்றம் எனப் பெயர்பெற்ற அந்நாளுக்குப் பின், தவறு எங்கே என்பதில் விசுவாசிகளே பிரிந்தனர். தேதி பிழை, நம்பிக்கை பிழையன்று என்று கொண்ட மில்லர், வருகையை எதிர்பார்த்தபடியே 1849இல் இறந்தார். கிறிஸ்து ஆவியாக வந்துவிட்டார் என்றனர் சிலர். ஹைரம் எட்சனும் அவரைச் சார்ந்தோரும், தேதி சரியே, பரிசுத்த ஸ்தலம் என்ற சொல்லைத்தான் தவறாகப் படித்தோம் என்றனர்; அது பரலோகத்தில் உள்ளது, அன்று கிறிஸ்து பிரதான ஆசாரியராக அதன் மகா பரிசுத்த ஸ்தலத்தில் பிரவேசித்தார் என்பது அவர்கள் விளக்கம். முடிவு முற்றிலும் வேறாயினும், தர்க்கத்தின் வடிவில் இது புஷ் சொன்ன பதிலே. இவ்வாசிப்பின் மீது, சனிக்கிழமை ஓய்வுநாளையும் சேர்த்துக்கொண்டு, 1863இல் மிச்சிகனின் பேட்டில் கிரீக்கில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை அமைந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சபையின் ஊழியர்கள் திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்திற்கு வந்தபோது, அப்பகுதியில் சனிக்கிழமையை ஆசரிக்கும் கிறிஸ்தவர்கள் ஏற்கெனவே இருந்தனர். 1857இல் ஆங்கிலிக்க மிஷனரிகளிடமிருந்து பிரிந்து அருமைநாயகம் சட்டம்பிள்ளை தொடங்கிய சபையினர் அவர்கள்; பழைய ஏற்பாட்டின் ஆசாரங்களைப் படித்து அந்நாளை ஏற்றவர்களே தவிர, 2300 இராப்பகலை எண்ணி அதற்கு வந்து சேர்ந்தவர்கள் அல்லர்.