கழறலும் காண்டலும்: பாங்கற் கூட்டம் காட்டும் வெளியாள் பார்வை

சொந்தச் சிக்கலில் வழி தெரியாமல் நிற்பவர் நண்பரைத் தேடிப் போகிறார். அந்த நண்பரின் பார்வைக்கு வலிமை எங்கிருந்து வருகிறது? விலகி நிற்பதிலிருந்து என்பதே பொதுவான விடை. இகோர் கிராஸ்மன், ஈதன் கிராஸ் என்னும் உளவியலாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்த விடைக்கு வலுச் சேர்க்கிறது. தன் துணை தனக்குத் துரோகம் செய்ததாக எண்ணிப் பார்த்தவர்களைவிட, நண்பருக்கு அப்படி நேர்ந்ததாக எண்ணிப் பார்த்தவர்கள் நிதானமாகச் சிந்தித்தார்கள். தன் சிக்கலையே பிறர் சிக்கல்போலத் தள்ளி வைத்து நோக்கியபோது அந்த வேறுபாடு மறைந்தது. ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லித் தன் வாழ்வில் சறுக்கிய விவிலிய மன்னன் பெயரால் இந்த வேறுபாட்டைச் சாலமன் முரண் என்று அழைத்தார்கள்.

விலகல் ஒன்றே போதுமானால் நண்பர் எதற்கு? தனியே அமர்ந்து தன்னைத் தானே வேறொருவராகப் பார்த்துக்கொள்ளலாமே. காதலைப் பாடும் தமிழ் அகமரபு இந்த முடிவை ஏற்கவில்லை என்பது என் வாதம்.

குறுந்தொகை 58ஆம் பாடலில் வெள்ளிவீதியார் பாடிய தலைவன், தன் காதல் நோய்க்காகத் தன்னை இடித்துரைக்கும் நண்பர்களுக்கு மறுமொழி சொல்கிறான். வெயில் காயும் பாறையில் வெண்ணெய் உருகிக்கொண்டிருக்கிறது. காவலுக்கு இருப்பவனுக்குக் கைகள் இல்லை; பேச்சும் இல்லை. கண் மட்டும் இருக்கிறது. இந்த உவமையின் கூர்மை கண்ணைப் பற்றியது. தலைவன் தன் நிலையைத் தொலைவில் நிற்பவன்போலவே துல்லியமாகக் காண்கிறான். கண்டும் உருகல் நிற்கவில்லை. அவனுக்குக் குறைவது பார்வை அன்று, எடுக்கும் கையும் கூவி அழைக்கும் வாயும். திருக்குறளின் ‘நெஞ்சொடு கிளத்தல்’ அதிகாரத்திலும் இதே நிலைதான். தலைவி தன் நெஞ்சை எதிரே நிறுத்தி மற்றொருவரிடம்போலப் பேசினாலும் துயர் தீர்வதில்லை.

அப்படியானால் வெளியாள் கொண்டுவருவது என்ன? மாணிக்கவாசகரின் திருக்கோவையார் இதற்கு விரிவாக விடை சொல்கிறது. அதன் 400 பாடல்களில் 30 பாடல்கள் பாங்கற் கூட்டத்துக்கு, அதாவது தோழனான பாங்கனின் துணையால் தலைவன் தலைவியைக் கூடும் பகுதிக்கு, உரியவை. தலைவனின் தோள் மெலிந்ததைக் கண்ட பாங்கன் காரணம் வினவுகிறான். கூடலில் ஆய்ந்த தமிழின் துறைகளுக்குள் நுழைந்தாயோ, ஏழிசைக்குள் புகுந்தாயோ என்பது அவன் ஊகம். கேட்பவன் அன்பன்தான், ஆனால் தானறிந்த உலகத்திலிருந்தே காரணம் தேடுகிறான். ஒரு பெண்மீது கொண்ட காதலே காரணம் என்று தெரிந்ததும் கழறுகிறான், அதாவது இடித்துரைக்கிறான்: உன் பெருமைக்கு இது தகுமா என்று. அவன் சொல்வது நியாயமே, ஆனாலும் பயனில்லை. தலைவன் மறுக்கிறான், கலங்குகிறான், வலியிழந்து விதியை நோகிறான். விலகி நின்று சொன்ன நல்ல சொல் அவனை ஓர் அடிகூட நகர்த்தவில்லை. மாணிக்கவாசகர் இந்தத் தோல்வியைத் துறை துறையாக, பாடல் பாடலாக நீட்டியிருப்பதை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது.

திருப்பம் பாங்கனின் அடுத்த கேள்வியில் இருக்கிறது. தலைவி இருக்கும் இடம் எது, அவள் இயல்பு எது என்று கேட்கிறான். பிறகு தானே நடந்து போய்க் காண்கிறான். கண்டதும் வியப்பது தலைவனை! இவளைக் கண்ட பின்னும் பிரிந்து வந்து, என் கழறலையும் தாங்கிக்கொண்டானே என்று. இழிவாகத் தெரிந்த மெலிவு இப்போது உறுதியாகத் தெரிகிறது. சிக்கல் மாறவில்லை, அதை அளந்த கோல் மாறியது.

நேரில் கண்டதால் பாங்கனும் உள்ளாளாகிவிட்டான், இனி அவன் சொல்லில் நடுநிலை எங்கே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் பாங்கன் தலைவியிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. தலைவனுக்காக முடிவெடுக்கவும் இல்லை. திரும்பி வந்து கண்டதைக் கூறுகிறான், அவள் தனித்து நிற்கும் செவ்வியைச் செப்புகிறான். பார்த்துத் திரும்பிய இந்த நடைதான் அவனைத் தலைவியின் தோழியிடமிருந்து வேறுபடுத்துகிறது. தோழி தொடக்கம் முதலே தலைவியின் வாழ்வுக்குள் இருப்பவள். அவள் பணி வேறு, அது தனியே ஆராயத் தக்கது.

விலகலின் பயனை நான் மறுக்கவில்லை. கிராஸ்மன், கிராஸ் ஆய்வு அளந்தது சிக்கலைப் பற்றிய சிந்தனையின் தரம். வெள்ளிவீதியாரின் காவலனுக்கு அந்தத் தரத்தில் குறையில்லை. பாங்கற் கூட்டம் அளப்பதோ, கண்டும் அசைய முடியாதவன் எப்போது எழுந்து நடக்கிறான் என்பதை. கழறலைக் கேட்டபோது அவன் எழவில்லை. தான் கண்டதையே மற்றொருவனும் கண்டு வந்து சொன்ன பிறகு எழுகிறான். அடுத்த துறையின் பெயர் ‘அவ்விடத்து ஏகல்’. அங்கே தலைவன் தனியே போகிறான். பாங்கன் உடன் செல்வதில்லை.