முன்னே மெத்தென்று, பின்னே விறைப்பாக

காட்டூரில் ஏறி, டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் கல்லூரிக்கு வந்த நண்பர்களுக்கு ஸ்பிரிங் பாடம் தேவையில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் மண்டை கூரையில் இடிக்காத குறை!

ஆரம்ப காலக் கார்களில் முன் ஸ்பிரிங்தான் விறைப்பு. முன் அச்சு ஒரே தண்டாக இருந்ததால், ஸ்பிரிங்கை இளக்கினால் சக்கரங்கள் நடுங்கும், ஸ்டியரிங் கையில் நிற்காது. விறைப்பாக வைத்தாலோ மேடு பள்ளத்தில் வண்டி ஊஞ்சலாகிவிடும். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930-ல் அமெரிக்காவின் காடிலாக் கம்பெனிக்குப் போன மாரிஸ் ஆலி என்ற இன்ஜினீயர், 1932-ல் ஒரு பெரிய காரில் எடைகளைக் கட்டி, அவற்றை மாற்றி மாற்றி வைத்து ஓட்டிப் பார்த்தார். முன் ஸ்பிரிங் பின்னதைவிட மெத்தென்று இருந்தால் ஊஞ்சலாட்டம் அடங்குவது தெரிந்தது. மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது, பின் சக்கரம் தாமதமாக. பின்புறம் சற்று வேகமாக ஆடினால்தான் முன்னதை எட்டிப் பிடிக்கும், வண்டி மட்டமாக ஏறி இறங்கும். 1934-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் முன் சக்கரங்களைத் தனித்தனியாகத் தொங்கவிட்ட பிறகு, இளக்கினாலும் நடுக்கமில்லை.

நம்மில் பலருக்கு அந்த வித்தை அறிமுகமானது, 2014 வரை தயாரான அம்பாசிடரில். முன்னால் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி, பின்னால் பட்டை ஸ்பிரிங். அப்பா ஒன்றை வாடகைக்கு ஓட்டினார். முகூர்த்த நாளில் பத்துப் பேர், மேலே சாமான் வேறு. பின்புறம் தரையைத் தட்டியது. "இன்னொரு பட்டை சொருகுங்கப்பா"ன்னு சொன்னதே நான்தான். இரண்டாம் வருஷம் மெக்கானிக்கல் அல்லவா! பட்டறையில் கிடைத்தது, அரிவாள் அடிக்கப் போக வேண்டிய பழைய ஜீப் பட்டை. கொஞ்சம் தடிமன்தானே என்று விட்டுவிட்டேன். விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், 6 மி.மீ.க்குப் பதில் 8 மி.மீ. என்றால் அந்தப் பட்டை இரண்டே கால் மடங்குக்கு மேல் விறைப்பு.

ஆளில்லாமல் திரும்பும்போது மழை. வளைவில் வண்டி சாயும்போது, விறைத்த பின் அச்சே அந்தப் பாரத்தைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். வெளிப்பக்கப் பின் டயர் பிடி விடும். கார் பின்பக்கமாகச் சுழன்று வயலில் இறங்கியது. அப்பாவின் மணிக்கட்டு முறிந்தது. வண்டியைக் குறை சொல்ல முடியாது, நான் சொன்ன பட்டைதான்.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. பட்டையைக் கழற்றினோம், சவாரியில் ஆட்களைக் குறைத்தார். இப்போது அது எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகைக் கதவுக்கு முட்டாக நிற்கிறது.