விமானச் சீட்டும் சட்டமும்

ஆகாய விமானத்திற் பிரயாணஞ் செய்வோர் இன்று கணினி வாயிலாகவே ஆசனத்தைப் பதிவு செய்துகொள்கின்றனர். ஆயினும், சில வேளைகளில் விமானக் கம்பனிகள் பிரயாண விபரங்களைக் காகிதத்தில் அச்சிட்டுத் தபாலில் அனுப்புவதுண்டு. இதனைப் பழைய வழக்கத்தின் மிச்சமென்று மட்டும் எண்ணுதல் பொருந்தாது. அவ்வழக்கத்தின் வேர் சட்டத்திலே பதிந்துள்ளது.

1929ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆந் திகதி, போலந்தின் தலைநகராகிய வார்சோவில் ஓர் உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. விமானப் போக்குவரத்து அப்பொழுது குழந்தைப் பருவத்தில் இருந்தது. ஒரேயொரு விபத்தினாற் கம்பனி முழுவதும் அழிந்துபோதல் கூடும். ஆகவே, பிரயாணி ஒருவர் பொருட்டுச் செலுத்தும் நட்டஈடு 125,000 பொற்பிராங்குக்கு மேற்படலாகாது என்று பொதுவிதி வகுத்தனர். பின்னாளில் இது ஏறக்குறைய 8,300 அமெரிக்க டொலராகக் கணிக்கப்பட்டது.

இச்சலுகைக்கு ஒரு விலையும் இருந்தது. பிரயாணியின் கையிற் கம்பனி சீட்டைக் கொடுத்தல் வேண்டும். பொறுப்பு உடன்படிக்கைக்கு அமைந்தது என்ற அறிவித்தலும் அதிற் காணப்படல் வேண்டும். சீட்டுக் கொடாது ஒருவரை ஏற்றிச் சென்றால், நட்டஈட்டு வரம்பைக் கம்பனி துணைக்கொள்ள இயலாது. எனவே சீட்டு என்பது விமானத்தில் ஏறுவதற்கான அனுமதி மட்டுமன்று, ஓர் எச்சரிக்கையுமாகும். அதனை அறிந்தவர் தக்க காப்புறுதியைத் தாமே செய்துகொள்ளலாம்.

அவ்வெச்சரிக்கை கண்ணுக்குத் தெரியாவிடின் யாது செய்வது? 1960ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆந் திகதி, நியூயோர்க் நோக்கிச் சென்ற அலித்தாலியா விமானமொன்று அயர்லாந்தின் ஷனன் நிலையத்திலிருந்து கிளம்பியதும் வீழ்ந்தது. அதிலிருந்த 52 பேரில் 34 பேர் மாண்டனர். வழக்கு அமெரிக்க நீதிமன்றத்துக்குச் சென்றது. சீட்டுக் கொடுக்கப்பட்டது உண்மையே. ஆனால் அறிவித்தலோ வாசிக்கவொண்ணாத நுண்ணிய எழுத்தில் இருந்தது. அத்தகைய அறிவித்தல் அறிவித்தலாகாது என 1966இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரம்பு வீழ்ந்தது. 1968இல் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் சம பாகமாகப் பிரிந்தமையால் அத்தீர்ப்பு நிலைத்தது. எனினும் 1989இல் அதே உயர் நீதிமன்றம், எழுத்தின் சிறுமை மட்டும் வரம்பை நீக்காதென வேறொரு வழக்கில் முடிவு செய்தது.

கணினி வந்ததும் காகிதம் சுமையாயிற்று. 1999இல் உருவாகி 2003இல் நடைமுறைக்கு வந்த மொன்றியல் உடன்படிக்கை, விபரங்களை வேறு வழியிற் பேணுவதற்கு இடமளித்தது. அவ்வாறு பேணுமிடத்து, அவ்விபரங்களை எழுத்திலே தருவதற்குக் கம்பனி முன்வருதல் வேண்டும் என்பதையும் விதித்தது. 2008ஆம் ஆண்டு ஜூன் மாதத்துடன், சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் தன் முகவர்களுக்குக் காகிதச் சீட்டுகள் வழங்குவதை நிறுத்தியது.

பழைய தண்டனை இப்பொழுது இல்லை. எழுத்துப் பத்திரம் கொடாதுவிடினும், பொதிகளுக்கும் தாமதத்துக்குமுரிய வரம்புகள் நீங்குவதில்லை. ஆனால், மரணத்துக்கும் காயத்துக்கும் இருந்த பழைய உச்சவரம்பையே அவ்வுடன்படிக்கை அகற்றிவிட்டது. குறித்த தொகைக்கு மேற்பட்ட கோரிக்கையிலிருந்து விடுபட வேண்டுமாயின், தன்மீது தவறில்லை என்பதைக் கம்பனியே நிரூபித்தல் வேண்டும்.

நேயர்களே, தபாலில் வரும் அக்காகிதத்தின் பின்னே இத்துணை வரலாறு உண்டு. ஒருவரது உரிமைக்கு எல்லை வகுப்போர், அவ்வெல்லையை அவர் வாசித்தறியுமாறு எழுதிக் கொடுத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். சீட்டு மறைந்தாலும் அக்கடமை மறைதலாகாது.